செபு தீவில் இரண்டு வருஷம்: மோர்மன் ஊழியம் பற்றிக் கேளுங்கள்

நான் கோவைக்காரன். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவன். மோர்மன் என்றால்தான் பலருக்குத் தெரியும். 2017 ஆகஸ்ட் முதல் 2019 ஆகஸ்ட் வரை பிலிப்பைன்ஸின் செபு தீவில் ஊழியம், அதாவது வீடு வீடாகப் போய் எங்கள் மதத்தைப் பற்றிச் சொல்லும் வேலை, செய்தேன்.

நாட்டை நீங்களே தேர்ந்தெடுத்தீர்களா? சம்பளம் உண்டா?

இரண்டும் இல்லை. விண்ணப்பிப்பதோடு நம் வேலை முடிந்தது. எந்த ஊர் என்பதைச் சபைத் தலைமைதான் சொல்லும். நானும் அப்பாவும் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தோம், மீதிக்குச் சபையார் கைகொடுத்தார்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும், அண்ணா?

ஆறரைக்கு எழ வேண்டும். உடற்பயிற்சி, குளியல், அப்புறம் வேதமும் செபுவானோ மொழியும் படிப்போம். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்பு பேட்ஜ் என்று கிளம்பினால் இரவு வரை தெருதான். பத்தரைக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும்.

அங்கே வாசலில் நின்று வீட்டாரைக் கூப்பிடும் சொல் ‘ஆயோ!’ என் காதில் ‘ஐயோ’ என்றே விழுந்தது. அடுத்தவர் வாசலில் நின்று அப்படிக் கத்த முதல் வாரம் எனக்கு வாயே வரவில்லை. உள்ளிருந்து ‘டாயோன்’ என்று குரல் வந்தால் உள்ளே வரச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். பல நாள் அந்தக் குரல் வராமலே பொழுது சாய்ந்திருக்கிறது.

மதம் மாற்றத்தானே போனீர்கள்?

ஆமாம், நான் நம்புவதைச் சொல்லத்தான் போனேன். கத்தோலிக்கர் நிறைந்த தீவு அது. வேண்டாம் என்றால் நன்றி சொல்லி நகர்ந்துவிடுவோம்.

காபி கூடாதாமே?

காபி, டீ, மது, புகையிலை எதுவும் கூடாது. ஒரு பாட்டி, வீட்டிலிருந்த கடைசிக் காபித்தூள் பாக்கெட்டைப் பிரித்துக் கலக்கி நீட்டினார். மறுத்ததும் முகம் வாடிவிட்டது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். அடுத்த முறை எங்களுக்கென்றே சிக்வாத்தே வைத்திருந்தார். கொக்கோ வில்லையை வெந்நீரில் கரைத்து, மத்து மாதிரி ஒரு கட்டையை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி நுரை வரக் கடைவார்கள். கூடவே தேங்காய்ப்பாலும் இஞ்சியும் மணக்கும் ஒட்டரிசிச் சோறு.

தனிமை வாட்டவில்லையா?

தனியாக இருக்கவே முடியாது, அதுதான் கஷ்டம். துணை ஊழியர் ஒருவர் எப்போதும் கூடவே இருப்பார். ஒருவரோடு நாலு நாள் பேச்சே இல்லை. திங்கட்கிழமை ஒரே தொட்டியில் துணி துவைக்கும்போது, தன் தாத்தா இறந்ததை அவர் சொன்னார். நான் அதுவரை கேட்கவே இல்லை. இன்றும் உறுத்துகிறது.

தம்பி, அம்மா எப்படித் தாங்கினாங்க?

வாரம் ஒரு மின்னஞ்சல் உண்டும்மா. குரல் கேட்பது கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும். ஒன்றரை வருஷத்தில் மூன்றே தடவை பேசினோம். 2019 பிப்ரவரியில்தான் வாராவாரம் பேசலாம் என்று விதி மாறியது. அந்த வாரம் கூப்பிட்டபோது அம்மா நலம்கூட விசாரிக்கவில்லை. “அடுத்த வாரமும் பேசலாமாப்பா? நிஜமாவா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.