மதுரை–கொழும்பு ஒரு மணி நேரம்தான், ஆனா வீட்டுக்கு வீடு கணக்குப் பண்ணுங்க

தம்பி, மதுரையில இருந்து கொழும்புக்கு வேலைக்கு வரப்போறேன், ஃப்ளைட் எவ்வளவு நேரம், மாசம் ரெண்டு தடவை சனி ஞாயிறுக்கு வீட்டுக்குப் போயிட்டு வரலாமான்னு கேட்டிருந்தீங்க. நானும் நம்மூருதான், பழங்காநத்தம். கொழும்புல வெள்ளவத்தைங்கிற ஏரியாவுக்கு வந்து பதினோரு வருஷமாச்சு. வந்த புதுசுல நானும் இதே கணக்கைத்தான் போட்டேன்.

தூரம்னு பாத்தா ஒண்ணுமே இல்ல. நேர்கோட்டுல 350 கிலோமீட்டர் சொச்சம், ரோட்டுல மெட்ராஸ் போறதே அதைவிடத் தூரம். ஃப்ளைட் சுமார் ஒரு மணி நேரம், குடுக்குற பொட்டலத்தைப் பிரிச்சுத் திங்கறதுக்குள்ள பெல்ட்டைப் போடச் சொல்லிருவாங்க. திருச்சியில இருந்து ஏறினா 420, சென்னைன்னா 650 கிலோமீட்டர், அது ஒண்ணேகால் ஒண்ணரை மணி நேரம் வரும். கடிகாரத்தையும் தொட வேணாம், 2006ல இருந்து இங்கயும் அங்கயும் ஒரே டைம்தான்.

ஆனா ஏர்போர்ட் கொழும்புலயா இருக்கு? கட்டுநாயக்கவுல இருக்கு, முப்பது கிலோமீட்டருக்கு மேல. 2013ல ஹைவே வந்ததுக்கப்புறம் அந்தப் பாதி சீக்கிரம் போயிரும், வெள்ளவத்தை வழியா காலிங்கிற ஊருக்குப் போற மெயின் ரோடு, காலி வீதி, அதுல சாயங்காலம் மாட்டுனீங்கன்னா மிச்சப் பாதிதான் உயிரை எடுக்கும். கொழும்பு கோட்டை (ஃபோர்ட்) ஏரியாவுல இருந்து ஏர்போர்ட் பக்கம் 187 பஸ் இருக்கு, காசு மிச்சம், பெட்டி கூட இருந்தா சிரமம். எப்படிப் போனாலும் இது வெளிநாட்டுப் பயணம், மூணு மணி நேரம் முன்னாடி போய் நிக்கணும், அப்புறம் அங்க இறங்கி இமிகிரேஷன் லைன், பெட்டி, மதுரை ஏர்போர்ட் இருக்குற அவனியாபுரம் பக்கத்துல இருந்து ஆட்டோ, இப்படி எல்லாத்தையும் கூட்டுனா வீட்டு வாசல்ல இருந்து வீட்டு வாசலுக்கு ஆறரை ஏழு மணி நேரம் ஆகுது, வைகை எக்ஸ்பிரஸ்ல மெட்ராஸ் எக்மோர் போய்ச் சேர்ற நேரத்துக்குக் கிட்டத்தட்ட வந்துருச்சு பாருங்க.

அதனால சனி ஞாயிறு கதையை மறந்துருங்க. இங்க மாசாமாசம் போயா லீவு வரும், பௌர்ணமிக்கு. அது வெள்ளியோ திங்களோ வந்தா மூணு நாள் கெடைக்கும், வருஷக் காலண்டரைப் பாத்து அதுக்கு முன்கூட்டியே டிக்கெட் போட்டுருங்க. ஏப்ரல் புத்தாண்டுக்குக் கடைசி நேரத்துல தேடாதீங்க, வெலை கேட்டா மயக்கமே வரும். கைப்பை மட்டும் எடுத்துட்டுப் போனா பெட்டிக்குக் காத்து நிக்கிற அரை மணி நேரம் மிச்சம்.

ஒரு விஷயம் மட்டும் கதைக்கணும் (பாத்தீங்களா, எனக்கே இப்ப 'பேசணும்'னு வாயில வர மாட்டேங்குது). அப்பாவுக்கு முடியலன்னு ஒருநாள் ராத்திரி போன் வந்துச்சு. அடுத்த நாள் மதுரை ஃப்ளைட்ல சீட் இல்ல, திருச்சிக்கு ஏறி அங்க இருந்து பஸ்ஸப் புடிச்சு ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆயிருச்சு. அப்பா கண்ணு முழிச்சு, பக்கத்துலதானடா இருக்க, இம்புட்டு நேரமாங்கிறாரு. என்னத்தச் சொல்ல. அன்னைல இருந்து மதுரை, திருச்சி ரெண்டுக்கும் ஃப்ளைட் டைமிங்கை எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கேன், டைமிங் அடிக்கடி மாறும், மாத்தி எழுதிக்கிட்டே இருக்கணும்.

வீடு வெள்ளவத்தைப் பக்கம் பாக்குறதா இருந்தா சொல்லுங்க, கடல் பக்கத் தெருக்கள்ல ரயில் சத்தம் கேக்கும், எது பரவால்லன்னு சொல்றேன்.