பொண்ணு பிளாக் ஃபெமினிசம் படிக்கணும்னு சொல்றா, வேலை கிடைக்குமா?

அக்கா, உங்க வாய்ஸ் நோட்டை ரெண்டு தடவை கேட்டேன். வேலை கிடைக்குமாங்கிறது அதுல அஞ்சு தடவை வந்துச்சு, பொண்ணு ராத்திரி அழுதுட்டே படுத்தான்னு ஒரு தடவை சொன்னீங்க. ரெண்டையும் மனசுல வச்சுதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், டியூட்டி முடிச்சிட்டு பொறுமையா படிங்க.

பிஏ சோசியாலஜி மூணாவது வருஷம், நல்ல மார்க், அமெரிக்கா போய் கறுப்பினப் பெண்ணியத்துல எம்ஏ பண்ணணும்ங்கிறா. "திண்டுக்கல்ல இருந்து போயி அவங்களப் பத்தி படிச்சு இவ என்ன பண்ணப் போறா"ன்னு உங்க வீட்டுக்காரர் கேட்டது ரொம்ப நியாயமான கேள்வி. அப்பா திட்டுறாருன்னு எடுத்துக்க வேண்டாம்னு பொண்ணுகிட்ட சொல்லுங்க, ஏன்னா அங்க அட்மிஷன் கமிட்டியும் அவ எழுதுற எஸ்ஓபில (இந்தப் படிப்பு ஏன் வேணும்னு எழுதித் தர்ற கட்டுரை) முதல்ல தேடப் போறது இதுக்கான பதிலத்தான்.

சப்ஜெக்ட் என்னன்னு முதல்ல சொல்லிடறேன். நீங்க லேபர் வார்டுல இருபது வருஷமா இருக்கீங்க, அதனால உங்களுக்குப் புரியிற இடத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன். 2017 செப்டம்பர்ல டென்னிஸ் பிளேயர் செரீனா வில்லியம்ஸுக்கு எமர்ஜென்சி சிசேரியன் ஆகி பொம்பளப் புள்ள பொறந்துச்சு. மறுநாள் அவங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பிக்குது. ஏற்கனவே ஒரு தடவை நுரையீரல்ல ரத்தக்கட்டி வந்து பொழச்சவங்க, அதனால இது என்னன்னு அவங்களுக்கே தெரியுது. கூட இருக்கிற அம்மா பயந்துடக் கூடாதுன்னு ரூமை விட்டு வெளிய வந்து, எதிர்ல இருந்த நர்ஸ்கிட்ட மூச்சுத் திணறத் திணற, எனக்கு உடனே சிடி ஸ்கேன் எடுக்கணும், ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின் மருந்து போடணும்னு சொல்றாங்க. வலி மருந்துல குழம்பிப் பேசுறாங்களோன்னு நர்ஸ் நெனச்சிருக்காங்க. டாக்டர் வந்து முதல்ல கால்ல அல்ட்ராசவுண்ட் பாத்திருக்காங்க, ஒண்ணும் இல்ல. அதுக்கப்புறம்தான் சிடி, பாத்தா நுரையீரல்ல சின்னச் சின்னக் கட்டிங்க. இருமி இருமி சிசேரியன் தையல் பிரிஞ்சு திரும்ப தியேட்டருக்குப் போனாங்க.

பணம் இருக்கு, பேரு இருக்கு, தன் உடம்பப் பத்தி இவ்ளோ தெளிவாத் தெரியுது, அவங்க சொல்றதையே நம்பல. அப்ப பேரு இல்லாத ஒரு கறுப்பினத் தாய்க்கு என்ன ஆகும்? 2023 கணக்குப்படி அமெரிக்காவுல ஒரு லட்சம் குழந்தை உயிரோட பொறந்தா வெள்ளைக்காரத் தாய்மார் 14.5 பேர் சாகுறாங்க, கறுப்பினத் தாய்மார் 50.3 பேர். ஏழ்மை மட்டும் காரணம்னா படிச்ச வசதியான பொண்ணுங்ககிட்ட இந்த வித்தியாசம் மறஞ்சிருக்கணும், மறையல. ஏன்னு கேக்குறதுதான் உங்க பொண்ணு படிக்க நெனைக்கிற படிப்பு. 1994ல சிக்காகோவுல பன்னெண்டு கறுப்பினப் பெண்கள் உக்காந்து 'இனப்பெருக்க நீதி'ன்னு ஒரு சொல்லை உருவாக்குனாங்க. கருவ வேண்டாம்னு சொல்ற உரிமையோட, வேணும்னா பெத்துக்கிற உரிமையும், பெத்தத பயமில்லாம வளக்கிற உரிமையும் சேந்ததுன்னாங்க. இன்னிக்கு பப்ளிக் ஹெல்த் படிக்கிறவங்க அந்தச் சொல்லைத் தாண்டிப் போக முடியாது.

இன்னொண்ணும் சொல்றேன், இது புரிஞ்சா மொத்தமும் புரிஞ்ச மாதிரி. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1964க்கு முன்னாடி கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கல. அப்புறம் ஆள் குறைப்பு வந்தப்போ கடைசியா சேந்தவங்க முதல்ல வெளியன்னு ரூல், அதுல அந்தப் பொண்ணுங்கதான் போனாங்க. அஞ்சு பேர் கேஸ் போட்டாங்க. 1976ல கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, கம்பெனி பொண்ணுங்கள வேலைக்கு எடுத்துருக்கு (எடுத்தது வெள்ளைக்காரப் பொண்ணுங்கள), அதனால பெண்ணுங்கிற பாகுபாடு இல்ல. நிறப் பாகுபாடுன்னா ஏற்கனவே இருக்கிற இன்னொரு கேஸோட சேந்துக்கோங்க. ரெண்டையும் சேத்து கறுப்பினப் பெண்கள்னு தனியா ஒரு கேஸ் போட முடியாதுன்னுடுச்சு. ரெண்டு கணக்கையும் தனித்தனியாப் பாத்தா சரியா இருக்கு, நடுவுல அந்த அஞ்சு பேர் மட்டும் காணாமப் போயிட்டாங்க. கிம்பர்லே கிரென்ஷாங்கிற சட்டப் பேராசிரியர் 1989ல இந்தக் கேஸ எடுத்து எழுதித்தான் 'இன்டர்செக்‌ஷனாலிட்டி'ங்கிற வார்த்தை வந்துச்சு, ரெண்டு பாகுபாடு ஒரே ஆள் மேல ஒண்ணா விழுறதுன்னு அர்த்தம். உங்க பொண்ணு வாயில அந்த வார்த்தை அடிக்கடி வரும், அடுத்த தடவை வந்தா இந்த அஞ்சு பேரப் பத்தி கேளுங்க. கட கடன்னு சொன்னாள்னா நெஜமாவே படிச்சிருக்கான்னு அர்த்தம்.

இதெல்லாம் பழைய கதைன்னு நெனைக்காதீங்க. ஜாய் புவலம்வினிங்கிற கறுப்பினப் பெண் அமெரிக்காவுல எம்ஐடில படிக்கும்போது கம்ப்யூட்டர் அவங்க முகத்த முகம்னே கண்டுபிடிக்கல, வெள்ளை முகமூடி போட்டாதான் கண்டுபிடிச்சுது. 2018ல டிம்னிட் கெப்ருங்கிற இன்னொரு ஆராய்ச்சியாளரோட சேந்து பெரிய கம்பெனிகளோட முகம் பாக்குற சாஃப்ட்வேர டெஸ்ட் பண்ணாங்க. ஆணா பொண்ணான்னு சொல்றதுல வெளுத்த ஆண்களுக்கு அதிகபட்சமே 0.8 சதவீதம்தான் தப்பு, கருத்த பெண்களுக்கு 34.7 வரைக்கும் போச்சு. கிரென்ஷா கோர்ட்ல பாத்ததையேதான் இவங்க கம்ப்யூட்டர் புரோகிராம்ல பாத்தாங்க. பிரின்ஸ்டன்ல இதே மாதிரி டெக்னாலஜி பத்தி எழுதுற ரூஹா பெஞ்சமின் பொறந்தது நம்ம மகாராஷ்டிராவுல, வாய்ங்கிற ஊர்ல.

இப்ப வேலை விஷயத்துக்கு வரேன். பிளாக் ஃபெமினிசம்னு போர்டு போட்டு ஆள் எடுக்கிற கம்பெனி கிடையாது, மறைக்காம சொல்லிடறேன். இந்தப் படிப்பு கூட இன்னொரு கையில ஒரு தொழில் வேணும். பப்ளிக் ஹெல்த், சட்டம், டேட்டா, ஜர்னலிசம், டீச்சிங் எதுவா வேணா இருக்கட்டும். பாருங்க, புவலம்வினி கம்ப்யூட்டர் சயின்ஸ், கிரென்ஷா வக்கீல் படிப்பு. உங்க பொண்ணுக்கு நான் சொல்றது ஸ்டாட்டிஸ்டிக்ஸ். கணக்குல யாரு விட்டுப்போறாங்கன்னு கேக்குறவளுக்கு கணக்கு போடவும் தெரியணும், எஸ்பிஎஸ்எஸ் இல்லன்னா ஆர்னு புள்ளிவிவரம் போடுற சாஃப்ட்வேர் ஒண்ண இந்த வருஷமே ஆரம்பிக்கச் சொல்லுங்க.

பணம். எம்ஏவுக்கு லோன் போட்டு அமெரிக்கா அனுப்பாதீங்க அக்கா, இத நான் கெஞ்சியே கேக்குறேன். எம்ஏவுக்கு அங்க பெரும்பாலும் கைக்காசுதான், ரெண்டு வருஷத்துல முப்பது நாப்பது லட்சம் சுலபமா போயிடும். படிப்பு முடிச்சு அங்கயே வேலை பாக்க ஓபிடிங்கிற அனுமதில பன்னெண்டு மாசம்தான், ஸ்டெம் (அறிவியல், டெக்னாலஜி, இன்ஜினியரிங், கணக்கு) படிச்சவங்களுக்கு கிடைக்கிற மேல 24 மாசம் இதுக்கு வராது. இப்படிப் போன ஒரு பொண்ணு எனக்குத் தெரியும், வட்டி கட்டவே மூச்சுத் திணறுறா, அப்பா தோட்டத்த வித்தாச்சு. பிஎச்டி அப்படி இல்ல, நல்ல யுனிவர்சிட்டில ஃபீஸ் தள்ளுபடி, மாசாமாசம் ஸ்டைபெண்ட், பதிலுக்கு கிளாஸ் எடுக்கணும். ஆனா நம்ம பிஏ மூணு வருஷம்ங்கிறதால நேரா எடுத்துக்க நெறைய இடத்துல யோசிப்பாங்க.

அதனால என் கணக்கு இதுதான். முதல்ல இங்கயே ஒரு எம்ஏ. மும்பை டிஸ் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்), ஹைதராபாத் சென்ட்ரல் யுனிவர்சிட்டின்னு ட்ரை பண்ணட்டும், கிடைக்கலன்னா உங்க மாவட்டத்துலயே கொடைக்கானல்ல அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கு. அந்த ரெண்டு வருஷத்துல காலேஜ் வாத்தியார் வேலைக்கான நெட் தகுதித் தேர்வு எழுதிடட்டும், விமன் ஸ்டடீஸ்னே தனிப் பேப்பர் இருக்கு, அது பாஸாயிட்டா காலேஜ் வேலைக்கு அப்ளை பண்ற தகுதி கையில வந்துடும், உங்களுக்கும் தூக்கம் வரும். அப்புறம் டிசம்பர் டெட்லைனுக்கு பிஎச்டி அப்ளிகேஷன். அட்லாண்டா ஸ்பெல்மன் காலேஜ்ல 1981லயே இதுக்குன்னு ரிசர்ச் சென்டர் ஆரம்பிச்சிட்டாங்க, அங்க யாரு என்ன எழுதுறாங்கன்னு இப்ப இருந்தே படிக்கட்டும். டெம்பிள் யுனிவர்சிட்டில 1988ல இருந்து ஆப்பிரிக்க அமெரிக்க ஸ்டடீஸ்ல பிஎச்டி இருக்கு.

அங்க காத்து இப்ப எதிர்ப்பக்கம் அடிக்குது, அதையும் சொல்லிடணும். 2025 ஜனவரில வந்த உத்தரவுகளால அமெரிக்க அரசாங்க ஆபீஸ்கள்ல டைவர்சிட்டி பிரிவுகள (எல்லா இனத்துக்காரங்களுக்கும் இடம் கிடைக்குதான்னு பாக்குற பிரிவு) மூடுனாங்க, அதுக்கப்புறம் ஆராய்ச்சி கிராண்ட் பலதும் நின்னுச்சு. ரெண்டு வருஷம் இங்க படிக்கச் சொல்றதுக்கு அதுவும் ஒரு காரணம்.

பொண்ணுகிட்ட தனியா ஒண்ணு சொல்லுங்க. எஸ்ஓபில "எங்க ஊர்லயும் இதே மாதிரிதான்"னு ஒரு வரில ரெண்டையும் ஒட்ட வேண்டாம். ஜாதியும் நிறவெறியும் பேசிக்கிட்டதுக்கு நெஜமான வரலாறு இருக்கு, 1946ல அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்கு லெட்டர் எழுதுனாரு, 1972ல பம்பாய்ல ஆரம்பிச்ச தலித் பேந்தர்ஸ் இயக்கத்தோட பேரே அமெரிக்கக் கறுப்பின இயக்கமான பிளாக் பேந்தர்ஸ்ல இருந்து வந்தது. அதையெல்லாம் படிச்சிட்டு எழுதட்டும். இன்னொருத்தர் வீட்டுக் கதையக் கேக்கப் போறோம், விருந்தாளியா எப்படி உக்காரணும்னு தெரிஞ்சு போகணும்.

ஒரு பக்கம் மட்டும் எழுதச் சொல்லுங்க, தமிழ்லயே எழுதட்டும், அப்பா கேட்ட கேள்விக்கு பதில். யார்கிட்டயும் காட்டாம, ஏஐகிட்ட கேக்காம. அத எடுத்துட்டு வர்ற சனிக்கிழமை சாயந்திரம் மூணு பேரும் வாங்க. உங்களுக்கு நைட் டியூட்டின்னா ஞாயித்துக்கிழமை காலைல வாங்க, நான் இருப்பேன்.