எப்போதோ நடந்த வரலாறு இன்றைய மனப்பான்மையை மாற்றுமா?

நன்றாகவே மாற்றும். ஜெர்மனியைப் பாருங்கள். 1348-50 பிளேக் கொள்ளைநோயின்போது, கிணற்றில் விஷம் கலந்ததாகப் பழிபோட்டு பல ஊர்களில் யூதர்களைக் கொன்றார்கள். வோய்க்லெண்டர், வோத் என்ற இரு பொருளியலாளர்கள் அந்த ஊர்களின் பிற்கால வரலாற்றைத் தோண்டிப் பார்த்தார்கள். 1920-களில் யூதர்கள் மீதான தாக்குதல் அங்கேதான் அதிகம். 1928 தேர்தலில் நாஜிக் கட்சிக்கு விழுந்த வாக்கும் அப்படித்தான். இத்தனைக்கும் இடையே பல தலைமுறைகளாக அந்த ஊர்கள் பலவற்றில் யூதர்களே கிடையாது! ஆளையே பார்க்காதவர்களுக்கும் வெறுப்பு கைமாறியிருக்கிறது. வழிகளா இல்லை? விட்டன்பெர்க் நகரத் தேவாலயச் சுவரில் யூதர்களை இழிவுபடுத்தும் இடைக்காலச் சிற்பம் ஒன்று இன்னும் இருக்கிறது.

சரி, இது மாறவே மாறாதா? ஹன்சா என்ற இடைக்கால வணிகக் கூட்டமைப்பில் இருந்த நகரங்களில் இந்தத் தொடர்ச்சி வெகுவாகத் தேய்ந்திருக்கிறது. வெளியாரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர்களுக்குப் பகை கட்டுப்படியாகவில்லை போலும்.