பால் கட்டும் காய்ச்சலும்: எப்போது காத்திருக்கக் கூடாது?

கேள்வி: பிரசவமாகி மூன்று வாரம் ஆகிறது. வலது மார்பு கல்லாக இறுகிச் சிவந்திருக்கிறது. இரண்டு நாளாகக் காய்ச்சல். பாரசிட்டமால் போட்டால் குறைகிறது, பிறகு குளிர் நடுக்கத்தோடு திரும்புகிறது. இன்று நெஞ்சு படபடக்கிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது. பால் கட்டினால் இப்படித்தான் என்கிறார்கள். பால் கொடுப்பதை நிறுத்திவிடட்டுமா?

பதில்: முதலில் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நாளை காலை வரை பொறுக்க வேண்டாம்.

பால் கட்டினால் மார்பு கனக்கும், வலிக்கும். குழந்தை குடித்ததும் ஓரளவு தணியும். உங்கள் நிலை அதைத் தாண்டிவிட்டது. தேங்கிய பாலாலும் காம்பு வெடிப்பாலும் மார்பகத்தில் தொற்று ஏற்படுகிறது. பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாதான் காரணம். அதை எதிர்க்கும் முயற்சியில் உடலின் எதிர்வினையே கட்டுமீறிச் சொந்த உறுப்புகளைச் சிதைக்கத் தொடங்கினால் அது செப்சிஸ். ரத்த அழுத்தம் இறங்க, ஈடுகட்ட இதயம் வேகமெடுக்கிறது. உங்கள் காய்ச்சலைவிடப் படபடப்பும் தலைசுற்றலுமே என்னை அதிகம் கவலைப்படுத்துகின்றன.

காய்ச்சல் இறங்குவதை நம்பி இருந்துவிடாதீர்கள். பாரசிட்டமால் சூட்டைத் தணிக்கும், கிருமியைத் தொடாது. செப்சிஸில் சிலருக்கு உடல் வெப்பம் 36 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போய்விடும். காய்ச்சல் விட்டது என்று வீட்டார் நிம்மதி அடைகிற அந்த நேரமே ஆபத்தானது. மூச்சு வாங்குதல், சிறுநீர் குறைதல், பேச்சில் குழப்பம், தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

அவசரப் பிரிவில் நுழைந்ததுமே 'பிரசவமாகி மூன்று வாரம், பால் கொடுக்கிறேன்' என்று சொல்லுங்கள். 'இது செப்சிஸாக இருக்குமா?' என்று நீங்களே கேளுங்கள், தயங்க வேண்டாம். அடிவயிற்று வலியோ துர்நாற்றக் கசிவோ இருந்தால் அதையும் மறைக்காதீர்கள், கிருமி கருப்பையிலிருந்தும் வரலாம். செப்சிஸ் என்ற சந்தேகம் வலுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தக்குழாய் வழியாக ஆன்டிபயாடிக் தொடங்கவேண்டும். சீழ் கட்டியிருக்கிறதா என்று ஸ்கேன் காட்டிவிடும். இருந்தால் பெரும்பாலும் ஊசியாலேயே உறிஞ்சி எடுத்துவிடலாம்.

பால் கொடுப்பதைத் திடீரென நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் பால் தேங்கிச் சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடும். நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைக்கு இந்தப் பாலால் பொதுவாகக் கெடுதல் இல்லை. பால் கொடுக்கும்போது எடுத்துக்கொள்ளத் தக்க மருந்துகளும் இருக்கின்றன. கொடுக்க முடியாத அளவு சோர்வாக இருந்தால் செவிலியர் உதவியோடு மெதுவாகக் கறந்து எடுக்கலாம். கட்டியை அழுத்திப் பிசைய மட்டும் யாரையும் அனுமதிக்காதீர்கள், வீக்கம் அதிகமாகும்.

வீடு திரும்பியபின் மாத்திரைகளைச் சொன்ன நாள் வரை முடியுங்கள். 48 மணி நேரத்தில் சிவப்பும் வலியும் குறையாவிட்டால் மறுபடி போய்க் காட்டுங்கள்.