எந்த கார்டை முதல்ல மாத்துறது அக்கா?

கேள்வி: நான் திருநங்கை, வயசு 24. புது வேலைல சேரப் போறேன். எல்லா ஐடிலயும் பழைய பேரு, 'ஆண்'னு தான் இருக்கு. ஆபரேஷன் பண்ணா தான் மாத்துவாங்களா? எதுல ஆரம்பிக்கணும்? கவுண்டர்ல பழைய பேரை சத்தமா கூப்பிட்டா உடம்பே கூசிப் போகுதுக்கா.

பதில்: அந்தக் கடைசி வரிய படிச்சிட்டு கொஞ்ச நேரம் கம்முனு உக்காந்துட்டேன்மா. அதனால அதையே முதல்ல சொல்றேன், அப்ளிகேஷன் குடுக்கும்போதே மேல ஒரு துண்டுச்சீட்டுல புதுப் பேரை பெரிசா எழுதி பின் பண்ணி, "இந்தப் பேர்ல கூப்பிடுங்க"ன்னு சொல்லிடுங்க, கூட நம்பிக்கையான ஒரு ஆளையும் கூட்டிட்டுப் போங்க.

ஆபரேஷன் விஷயம் நாட்டுக்கு நாடு மாறும். அர்ஜென்டினால 2012லயே டாக்டர் லெட்டர், கோர்ட்டு எதுவும் வேணாம், நீங்க சொன்னா போதும்னு சட்டம் வந்துச்சு. 2015ல மால்டாவும் அயர்லாந்தும் அதே வழிக்கு வந்தாங்க. இன்னும் மருத்துவ பேப்பர் கேக்குற நாடும் இருக்கு, மாத்தவே விடாத நாடும் இருக்கு, அது அநியாயம் தான். இந்த சட்டமெல்லாம் மாறிட்டே இருக்கும், அதனால பழைய வீடியோவையோ புரோக்கரையோ நம்பாம இப்ப இருக்குற ரூல் என்னன்னு நேரா அரசாங்க இடத்துல பாருங்க.

எதுல ஆரம்பிக்கிறதுன்னா, எந்தப் பேப்பரைக் காட்டி மத்ததெல்லாம் வாங்குனீங்களோ, அந்த மூலப் பேப்பரை முதல்ல மாத்தப் பாருங்க, பாதிப் பேர் அவசரத்துல கையில கிடைச்ச கார்டை மாத்திட்டு அப்புறம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாம ஆபிஸ் ஆபிஸா அலையுறாங்க. முடிஞ்சா பேரையும் பாலினத்தையும் ஒரே தடவைல மாத்திடுங்க. ஸ்பெல்லிங், இனிஷியல், நடுவுல வர்ற புள்ளி வரைக்கும் எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும், ஒரு புள்ளிக்காகவே திருப்பி அனுப்புவாங்க. பேர் மாத்துனதுக்கு குடுக்குற, பழைய பேரும் புதுப் பேரும் சேர்ந்து வர்ற ஆர்டர் காப்பிய மட்டும் எப்பவும் தொலைச்சிடாதீங்க, அட்டெஸ்ட் பண்ணி நாலஞ்சு எடுத்து வைங்க, படிப்பு சர்டிபிகேட் மாறுற வரைக்கும் அது தான் நீங்க நீங்க தான்னு சொல்லும். பழைய கார்டை திருப்பிக் குடுக்குறதுக்கு முன்னாடி ஜெராக்ஸ் எடுத்துக்கோங்க, பாக்கவே பிடிக்காது தான், ஆனா தேவைப்படும்.

பாஸ்போர்ட் மாத்துறதா இருந்தா அது கைக்கு வர்ற வரைக்கும் டிக்கெட் போடாதீங்க, ரெண்டுலயும் ஒரே பேர் இருக்கணும்.

வேலைக்கு, எல்லாம் மாறட்டும்னு காத்திருக்க வேணாம்மா. ஹெச்ஆர்ல இப்பவே பேசி, ஐடி கார்டும் மெயில் ஐடியும் புதுப் பேர்ல கேளுங்க, சம்பளம் மட்டும் பேங்க்ல இருக்குற பேர்ல கொஞ்ச நாள் வரட்டும்.