வருடா வருடம் புது மொடல் விடும் மின்வாகன நிறுவனங்கள் தரத்தை எப்படிக் காப்பாற்றுகின்றன?

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றாமல் இருப்பதுதான் பாதி வேலை. புது வகைப் பற்றரி வருகிறதென்றால் மோட்டாரையும் பிரேக்கையும் பழையபடி விட்டால், பழுது எதனால் வந்தது என்று பிடித்துவிடலாம்.

மற்றப் பாதி பற்றரி செல்லுக்குள்ளே. இரு முனைகளையும் பிரித்து வைப்பது தலைமயிரைவிட மெல்லிய ஒரு தாள். ஷெவர்லே போல்ட் என்ற மின்கார்களில் தீப்பற்றியதை ஆராய்ந்தபோது, சில செல்களில் அந்தத் தாள் மடிந்தும் முனைத்தகட்டின் நாக்கு கிழிந்தும் இருந்தன. இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்தால்தான் ஆபத்து. அப்படிப்பட்டதைச் சாதாரணப் பரிசோதனையில் பிடிப்பது லேசில்லை. 2021இல் அந்தக் காரைச் செய்த ஜெனரல் மோட்டார்ஸ் அதுவரை செய்த போல்ட் அத்தனையையும் திருப்பி அழைத்தது. செல்லுக்கு மின்னேற்றிச் சில நாள் சும்மா கிடக்கவிட்டு, மின்னழுத்தம் தானாக இறங்குகிறதா என்று பார்ப்பது இப்படிப்பட்ட செல்களைப் பிடிக்கத்தான். எதைக் குறைக்கலாமென்று அவசரக்கார முதலாளிக்கு முதலில் கண் போவதும் அந்த நாட்களில்தான்!

சரி, யாழ்ப்பாணத்தில் வாங்குபவர் என்ன கேட்கலாம்? முதலில் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் உண்டா என்று. அது இல்லாத பழைய நிசான் லீஃப்கள் வெயில் ஊர்களில் சீக்கிரம் தேய்ந்தன. அப்புறம், ஐபி67 என்ற காப்புக் குறியீடு இருந்தால், தூசி புகாது, 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்பது மட்டுமே. உப்புக்காற்றுக்குச் சோதனை வேறு. கடலைக் கடக்கும் பண்ணைப் பாலத்தால் தினமும் போய்வருபவர் அதையும் கேட்டுத்தான் காசைக் கொடுக்கவேண்டும்.