அவர் வேண்டாம் என்று சொன்ன வேடம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கறுப்பின நடிகர் சிட்னி பாய்ட்டியர் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, 1967இல் வந்த அவருடைய மூன்று படங்களையும் தேடிப் பார்த்தேன். மூன்றிலும் அவர் நல்லவர், படித்தவர், கோபத்தை விழுங்குபவர். வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்யக் கேட்டு வரும் படத்தில் உலகப் புகழ் பெற்ற டாக்டர் வேறு. ஒரு கறுப்பர் அந்த வீட்டு வாசலை மிதிக்க அவ்வளவு பெரிய ஆளாக இருக்க வேண்டுமா? வெள்ளையர்களுக்குப் பிடித்த நல்ல பிள்ளையாக இருந்தவரை, நிறவெறியை எதிர்த்து நின்றவர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ச., திருநெல்வேலி

அன்புள்ள ச.,

உங்கள் கேள்வியைக் கறுப்பர்களே அன்றைக்குக் கேட்டார்கள். அதே 1967இல், நாடக ஆசிரியர் கிளிஃபர்ட் மேசன் நியூயார்க் டைம்ஸில் ஏறக்குறைய இதையே காட்டமாக எழுதினார். அந்த டாக்டர் பாத்திரத்தைப் பற்றி உங்களுக்கு உள்ள வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் ஒரு நடிகரை அவர் நடித்த படங்களை மட்டும் வைத்து அளந்தால் பாதிதான் கிடைக்கும். பாய்ட்டியர் விஷயத்தில் மீதிப் பாதி, அவர் நடிக்க மறுத்ததில் இருக்கிறது.

1954 வாக்கில் நடந்ததைச் சொல்கிறேன். அவர் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருப்பதுதான். சில படங்களில் நடித்திருந்தாலும் கையில் காசு இல்லை. நியூயார்க்கில் கறுப்பர்கள் வாழும் ஹார்லெம் பகுதியில் கூட்டாளியோடு ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை நடத்திக்கொண்டிருந்தார். மனைவிக்கு இரண்டாவது பிரசவம் நெருங்கிவிட்டது. அந்த நேரம் மார்ட்டின் பாம் என்ற ஏஜென்ட் ஒரு கதையைக் கொடுக்கிறார். வாரச் சம்பளம் 750 டாலர். துப்புரவுப் பணியாளர் வேடம். ஒரு குற்றத்தைப் பார்த்துவிட்ட அவன் வாய் திறக்கக் கூடாது என்று ரவுடிகள் மிரட்டுகிறார்கள். மிரட்டலின் உச்சமாக அவனுடைய சின்ன மகளைக் கொன்று வீட்டு வாசலில் வீசிவிட்டுப் போகிறார்கள். அதற்குப் பிறகும் அவன் ஒன்றும் செய்வதில்லை.

கதையில் கறுப்பர்களை இழிவாகப் பேசும் ஒரு சொல்கூட இல்லை. இருந்தும் பாய்ட்டியர் முடியாது என்றுவிட்டார். ஏன் என்று கேட்ட ஏஜென்டிடம் காரணம் சொல்லவில்லை. நேராக ஒரு கடன் கொடுக்கும் கம்பெனிக்குப் போய், வீட்டுச் சாமான்களை ஈடு காட்டி 75 டாலர் வாங்கினார். பிரசவச் செலவு அதுதான். சில மாதம் கழித்து அதே ஏஜென்ட் மறுபடி கேட்டபோதுதான் சொன்னார்: அப்படி ஒரு தகப்பன் சும்மா இருக்க மாட்டான், என் அப்பா இருந்திருக்க மாட்டார். அப்பா, பஹாமாஸின் கேட் தீவில் தக்காளி பயிரிட்டுப் பிழைத்தவர். இவ்வளவு பிடிவாதக்காரன் என் ஆளாக இருக்கட்டும் என்று பாம் அன்றைக்கே அவரைச் சேர்த்துக்கொண்டார்.

750 எங்கே, 75 எங்கே! குழந்தை பிறக்கப்போகும் வீட்டில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அதற்கு மேல் இன்னொன்று. அவர் விட்ட வேடத்தை வேறொருவர் நடிக்கத்தான் போகிறார், படம் வரத்தான் போகிறது. ஆனாலும் அந்தத் தகப்பன் தன் முகத்தோடு திரையில் வரக் கூடாது என்று நினைத்தார். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

அதே காலத்தில் வந்த இன்னொரு மறுப்பையும் சொல்ல வேண்டும். கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டவர்களை அமெரிக்காவில் வேட்டையாடிக்கொண்டிருந்த நேரம். ஒரு பட வேலைக்காக ஸ்டுடியோ வக்கீல் நாட்டுக்கு விசுவாசமானவன் என்று கையெழுத்துப் போடும் பத்திரத்தை நீட்டினார். பால் ராப்சன், கனடா லீ போன்ற கறுப்பினக் கலைஞர்களோடு பாய்ட்டியருக்கு இருந்த பழக்கம்தான் ஸ்டுடியோக்காரர்களை உறுத்தியது. அவர் கையெழுத்துப் போடவில்லை. கனடா லீ, நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் அவரோடு சேர்ந்து நடித்தவர். 1952லேயே இறந்துபோனவர். செத்துப்போன நண்பனைக்கூடக் கைகழுவச் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, படப்பிடிப்புக்கு வெளியே? 1964 ஏப்ரலில் சிறந்த நடிகருக்கான ஆஸ்கரை வாங்கினார். அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பர் அவர். நான்கே மாதத்தில், ஆகஸ்டில், பாடகர் ஹாரி பெலபான்டேவோடு, தென்மாநிலமான மிசிசிப்பியின் கிரீன்வுட் ஊருக்குப் போனார். பையில் சுமார் 70,000 டாலர் ரொக்கம். கறுப்பர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கப் பாடுபட்டுக்கொண்டிருந்த இளைஞர்களுக்கான பணம் அது. அதே மாநிலத்தில் அந்த வேலையில் இருந்த மூன்று பேரைக் கொன்று புதைத்து, உடல்கள் அந்த மாதம்தான் கிடைத்திருந்தன. விமானத்திலிருந்து இறங்கிக் காரில் ஏறியதும் ஒரு டிரக் துரத்திவந்து பின்னால் இடித்தது. வேகமாக ஓட்டினால் போலீஸ் பிடிக்கும், பிடித்தால் என்ன ஆகும் என்று ஓட்டியவருக்குத் தெரியும். அதனால் இடியை வாங்கிக்கொண்டே அளவான வேகத்தில் போனார்கள். ஆஸ்கர் வாங்கியவர் அந்தக் காருக்குள் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் 1966இல், மிசிசிப்பியில் நடக்கும் ‘இன் தி ஹீட் ஆஃப் தி நைட்’ என்ற துப்பறியும் கதையில் நடிக்க ஒப்புக்கொண்டபோது, தென்மாநிலத்துக்கு வர மாட்டேன் என்றார். அதனால் பெரும்பகுதி இல்லினாய் மாநிலத்தின் ஸ்பார்ட்டாவில் எடுக்கப்பட்டது. நீங்கள் பார்த்த மூன்றில் ஒன்று இது. இதில் அவர் கோபத்தை விழுங்கவில்லை.

அந்தப் பூச்செடிக் கூடத்துக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். பண்ணை முதலாளி எண்டிகாட் கன்னத்தில் அறைகிறார். பாய்ட்டியர் அடுத்த நொடியே திருப்பி அறைகிறார். இந்த அறை எந்த ஊரில் ஓடும் பிரதியிலும் வெட்டப்படக் கூடாது என்று முன்கூட்டியே உறுதி கேட்டதாகப் பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். பார்த்துக்கொண்டுதானே இருந்தாய், என்ன செய்யப்போகிறாய் என்று போலீஸ் அதிகாரியிடம் எண்டிகாட் கேட்க, தெரியவில்லை என்கிறார் அதிகாரி.

எல்லோரும் அந்த அறையைத்தான் பேசுவார்கள். இந்தமுறை நீங்கள் ஓரமாக நிற்கும் வேலைக்காரரைப் பாருங்கள். கறுப்பர், வயதானவர், கையில் குடிபானத் தட்டு. பல ஆண்டுகளாக ஹாலிவுட் கறுப்பு நடிகர்களுக்குக் கொடுத்துவந்த வேடம் பெரும்பாலும் அதுதான். அந்த அறை விழும்போது அவர் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.